மஞ்சள் டேக்

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அக்காவின் கையால் பச்சை டேக் வாங்கிய நாடகாசிரியர் எவராவது இருந்தால், அவர் காலில் விழ நான் தயார். அப்படி ஒருவரும் கிடையாது. அக்காவின் பிஸ்கட் டப்பாவில் பச்சை டேக்குகள் கட்டுப் பிரிக்காமல் அப்படியே கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

டேக் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் ஒரு சாமான் செய்து முடிந்ததும், அதைச் சோதிப்பவர்கள் நூல் கோத்த சின்ன அட்டை ஒன்றை அதில் கட்டுவார்கள். பச்சை என்றால் தேறியது, அனுப்பலாம். சிவப்பு என்றால் ஸ்கிராப், காயலான் கடைக்குப் போகவேண்டியது. மஞ்சள் என்றால் ரீவொர்க். குறை இருக்கிறது, கொண்டுபோய்ச் சரிசெய்து எடுத்து வா என்று அர்த்தம். அக்கா வேலை பார்த்தது வண்டிகளுக்கு புஷ் என்கிற உலோக வளையம் செய்கிற ஒரு கம்பெனியின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் நாடக மன்றத்தில். இரண்டு இடத்துக்கும் ஒரே டப்பாதான்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் இதையும் எங்கேயாவது தேடிப் படித்துவிட்டு, மஞ்சள் டேக் கட்டித் தபாலில் அனுப்பிவிடுவார். மன்றத்தில் பதினாறு ஆண்கள் இருந்தோம். எல்லோருக்கும் அவர் அக்கா. என்னைவிட நாலே வயது மூத்தவர். அவரைவிடப் பத்து வயது பெரியவரான எங்கள் செயலாளரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். பயத்தில் வயசெல்லாம் பார்க்க முடியுமா?

கொண்டையில் செருகிய பென்சில், மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டிய வாட்ச், கழுத்தில் ஒரு சின்ன சிலுவை. எதைக் கையில் கொடுத்தாலும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பார். பிறகு, "நல்லாத்தான் கீது. ஆனா ஓடாது" என்பார். புஷ்ஷானாலும் சரி, நாடகமானாலும் சரி, பிரேக்கில் கேன்டீன்காரர் வைத்துவிட்டுப் போகிற டீயானாலும் சரி. கேன்டீன் வடையின் ஓட்டைக்குள் அளவு பார்க்கிற கேஜை விட்டுப் பார்த்தார் என்று ஒரு கதை எஸ்டேட் முழுக்க உலவியது. நான் நம்பவில்லை. ஆனால் வடை போடுகிறவர் நம்பினார். அக்கா இருக்கிற ஷிஃப்டில் வடை எல்லாம் ஒரே அளவில் வந்தது.

ஆவடியில் அவருக்கு ரவிக்கை தைத்த டெய்லர், அக்கா தெருமுனையில் வருவதைப் பார்த்தால் கடையில் பாதிக் கதவைச் சாத்திவிடுவாராம். ஒரு ரவிக்கை நாலு தடவை போய்த் திரும்பியது. ஐந்தாவது தடவை, "எங்கம்மாவுக்குக்கூட இவ்ளோ பாத்துத் தெச்சதில்ல அக்கா" என்று அவர் கண்கலங்க, "அதான் கை ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்ல" என்றாராம் அக்கா. பங்குச் சாமியாரையும் விட்டுவைக்கவில்லை. பூசை முடிந்து வாசலில் எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்லிக் கலைகிறபோது, "பிரசங்கத்துல பின்பாதி சத்தம் ஏறுது சாமி, சங்கதி ஏறல" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு நடந்துவிடுவார்.

பெண் பார்க்க வந்தவர்கள் கதையும் உண்டு. அதை அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். வந்தவர்களில் யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. என்ன குறை என்று சொல்லி அனுப்புவார். மூக்குப்பொடி போடுகிற ஒருவர், அதை விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். நல்ல மனுஷன் போலிருக்கிறது. அக்கா சந்தோஷப்பட்டு, அடுத்ததாக அவர் குறுக்கே குறுக்கே பேசுவதைச் சுட்டிக்காட்டினார். அவர் மூன்றாவது முறை வரவில்லை.

"வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார். அப்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை. 

எங்கள் மன்றத்துக்கு அவர் வந்த கதை இதுதான். வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவோம். பத்து வருஷமாக அதே நாடகம். ஒரு சோபா, ஒரு போன், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் மாடிப்படிக்கடியில் ஒளிந்துகொள்கிற ஒரு மாப்பிள்ளை. பார்க்கிறவர்களுக்கே வசனம் மனப்பாடம். இப்படியே போனால் சோபா கிழிந்துவிடும் என்று செயலாளருக்குத் தோன்றி, புது நாடகம் எழுதியவர்கள் கொடுக்கலாம் என்று கேன்டீன் பலகைகளில் ஒட்டினார். அவர் ஒரு கம்பெனியில் டைம் கீப்பர், எங்கள் நாடகங்களுக்கு இயக்குநரும் அவரே. ஏழு நாடகங்கள் வந்தன. எஸ்டேட்டில் இவ்வளவு துக்கம் இருக்கிறது என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. யார் படிப்பது என்று ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தோம். எதையும் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஆள் ஒருத்தர் இருக்கிறார், விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தைக்கூடப் படிப்பார் என்று யாரோ சொன்னார்கள். அப்படித்தான் அக்கா வந்தார்.

வந்ததும் சட்டம் போட்டார். மாதத்தின் முதல் ஞாயிறு, அண்ணனூர் ரயில்வே கேட் பக்கத்தில் நாங்கள் இரவல் வாங்கியிருந்த டியூஷன் சென்டர் அறைக்கு நாடகத்தைக் கொண்டுவர வேண்டும். எழுதினவர் பேச்சு மூச்சு காட்டாமல் பின்பெஞ்சில் உட்கார வேண்டும். அக்கா முழுசாகச் சத்தம் போட்டுப் படிப்பார். ஏற்றம் இறக்கம் கிடையாது. காதலும் கொலையும் அவர் வாயில் ஒரே மாதிரி வெளிவரும். பக்கத்தில் மின்ரயில்கள் நிறுத்துகிற கார் ஷெட்டிலிருந்து ரயில் ஊதினால் நிறுத்தி, அந்த வரியை மறுபடி முதலிலிருந்து படிப்பார்.

"கொஞ்சம் பாவத்தோட படிங்கக்கா" என்று ஒருதடவை கெஞ்சினேன்.

"நான் பாவத்தோட படிச்சா என் கொரலு நல்லா கீதான்னுதான் தெரியும். உன் நாடகம் நல்லா கீதான்னு எப்டி தெரியும்?"

கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் யாராவது கொட்டாவி விட்டால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. படித்து முடித்ததும் புள்ளிகளை எண்ணி, டப்பாவைத் திறந்து, மஞ்சள் டேக்கில் குறையை ஒரே வரியில் எழுதி, நோட்டின் முதுகில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டுவார். கழற்றவே முடியாது. கத்தரிக்கோல் வேண்டும். சிவப்பு ஏன் போடுவதில்லை என்று கேட்டதற்கு, "செவப்பு போட்டா ஆளு போயிடுவான். மஞ்சள்னா திரும்பி வருவான்" என்றார். ஏழு பேரில் ஆறு பேர் மஞ்சளுக்கே போய்விட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த மானங்கெட்டவன் நான் ஒருவன்தான்.

ஒத்திகைக்கு மட்டும் எட்டிப் பார்க்கமாட்டார். கூப்பிட்டால், "மெஷின் பக்கத்துல இன்ஸ்பெக்‌ஷன் நிக்கக் கூடாது. நின்னா கூட்டாளி ஆயிடுவோம்" என்பார்.

என் நாடகத்தின் பெயர் 'வாசக்கால்'. எங்கள் வீட்டுக் கதைதான். கோவில்பதாகைப் பக்கம் அப்பா கூலிக்கு வரப்பு வெட்டிய நிலத்தை மனை போட்டு விற்றார்கள். அதில் ஒரு மனையை அண்ணனும் நானுமாகச் சேர்ந்து வாங்கினோம். லேத் ஓட்டுகிறவன் சொந்த மனை வாங்கினால் கால் தரையில் நிற்குமா? வாசக்கால் வைக்கிற அன்றைக்கு, கிழக்குப் பார்த்து வைப்பதா வடக்குப் பார்த்து வைப்பதா என்று எனக்கும் அண்ணனுக்கும் சண்டை. அப்பா ஒரு ஓரமாக நின்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் சண்டை மும்முரத்தில் இருந்தோம். இதை மூன்று காட்சிகளாக எழுதி, உலகமே மாறப்போகிறது என்ற நினைப்பில் அக்காவிடம் கொடுத்தேன்.

பதினோரு கொட்டாவிப் புள்ளி. டேக்கில், 'சண்டை ஓடுது. ஆட்கள் ஓடலை' என்று இருந்தது.

திருத்திக் கொடுத்தேன். மஞ்சள். இன்னொரு தடவை. மஞ்சள். மூன்றாவதில், 'அந்த அப்பா எதுக்குச் சும்மா நிக்கிறார்?' என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாலாவது தடவை அப்பாவையே சாகடித்துவிட்டேன். அவர் செத்து மூன்று மாதம் கழித்து வாசக்கால் வைப்பதாக மாற்றினேன். செயலாளருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "இதான் மாமே, இதான். இனிமே மாத்தாத" என்று ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். அண்ணன், தம்பி, அம்மா வேஷத்துக்கு ஆள் பிடித்து, அவரவர் வசனத்தை மட்டும் தனித்தாளில் எழுதிக் கொடுத்து மனப்பாடமும் பண்ண வைத்துவிட்டார்.

ஆனால் அக்கா மஞ்சள்தான் கட்டினார். "எல்லாரும் செத்துப்போனவரைப் பத்தியே பேசினு கீறாங்க. ஆளக் கூட்டினு வா" என்றார். சாகடித்தவரை ஐந்திலும் ஆறிலும் எழுப்ப வழி தெரியாமல் தவித்து, ஏழாவதில் உயிரோடு கொண்டுவந்தேன். இந்தத் தடவை அவருக்குச் சொல்ல ஒரு விஷயம் கொடுத்தேன். வாசக்கால் வைக்கிற இடத்தில் முன்னே ஒரு கிணறு இருந்தது, தூர்த்து மூடியது, அங்கே கல் நிற்காது என்று அவருக்கு மட்டும் தெரியும். இது உண்மையில் அப்பா சொன்னதா நானாகக் கற்பனை செய்ததா என்று அப்போதும் எனக்குத் தெரியாது. அவர் அன்றைக்கு என்ன சொன்னார் என்று நான்தான் கேட்கவில்லையே. அதற்கும் மஞ்சள் கிடைத்தது. மூன்று வருஷம் ஓடியிருந்தது. ஊரில் என்னை மஞ்சள் மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு பச்சை டேக். நாடகம் மேடை ஏறாவிட்டால்கூடப் பரவாயில்லை, அந்தப் பச்சை அட்டையை வாங்கி லேத் மெஷினுக்கு மேலே மாட்டிவிட்டுச் செத்தால் போதும் என்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

அந்த வருஷம் எங்கள் சோபா நாடகத்தின் மாப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஹால் பதிவாகிவிட்டது. பட்டணத்திலிருந்து நாடக விமர்சனம் எழுதுகிற ஒருவரைத் தலைமை தாங்கக் கூப்பிட்டாகிவிட்டது. பன்னிரண்டு நாள்தான் பாக்கி. செயலாளர் அக்காவிடம் ஓடினார்.

"அக்கா, கைல தேறினது எதனா கீதா?"

"எல்லாம் மஞ்சள்."

"அதுல கொறஞ்ச மஞ்சள் எது?"

அக்கா என் நோட்டை எடுத்தார். "டீவியேஷன்ல எடுத்துக்கோ. கையெழுத்து போடு" என்றார். தேறாத சாமானை அவசரத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால், 'குறை தெரிந்தே எடுத்துக்கொள்கிறேன், பொறுப்பு என்னுடையது' என்று மேலாளர் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போகிற ஏற்பாட்டுக்குக் கம்பெனியில் அதுதான் பெயர். செயலாளர் மஞ்சள் டேக்கின் மேலேயே கையெழுத்துப் போட்டார். எழுதினவன் என்ற முறையில் சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

எங்களை மாதிரி ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு மட்டுமே நடக்கக்கூடிய தப்பு இனிமேல்தான் நடந்தது. செயலாளருக்கு நாலாவது பிரதியின் மேல் இருந்த ஆசை போகவில்லை. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சின்னத் திருத்தம் என்று நினைத்துக்கொண்டு, ஏற்கெனவே மனப்பாடமானதை வைத்தே பகல் ஷிஃப்ட்காரர்களை ஒத்திகை பார்த்தார். அப்பா வேஷத்துக்கு நான் பிடித்தது தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிற ஒரு பெரியவர். அவருக்கும் எனக்கும் மத்தியான ஷிஃப்ட். நானே ஏழாவதிலிருந்து அவர் வசனத்தை எழுதிக் கொடுத்து, பஸ் ஸ்டாப்பில் நின்று ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டேன். "அப்பா தயார்" என்று செயலாளரிடம் சொன்னேன். "சரி, நெனவுக் காட்சிக்கு" என்று, செத்த அப்பா ஞாபகத்தில் வந்துபோகிற காட்சிக்கு ஆளாக அவர் எடுத்துக்கொண்டார். எல்லோரும் ஒன்றாக நின்று பார்க்க இருந்த ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கம்பெனியில் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள்.

நாடகம் சாயங்காலம் ஐந்து மணிக்கு. இரண்டாவது வரிசையில் அக்கா. அவருக்குப் பக்கத்தில் என் அப்பா, வெள்ளை வேட்டி சட்டையில். பிள்ளை எழுதிய நாடகம் என்று ஆசையாக வந்திருந்தார்.

திரை விலகியது. பிரஸ் ஷாப் பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து, "ஒரு சொம்பு தண்ணி குடுங்கப்பா" என்றார். 'இரு நைனா, வேலையா கீறோம்ல' என்று மூத்த மகன் சொல்ல வேண்டும். மூத்த மகன் தம்பியைப் பார்த்து, "நைனா போயி மூணு மாசம் ஆவுது. இன்னும் வாசக்கால் நிக்கல" என்றான்.

போனவர் ஓரடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஹால் சிரித்தது. பக்கத் திரைக்குப் பின்னால் எனக்கு மூத்திரம் வந்துவிடும்போல் இருந்தது. பெரியவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் தலையில் கை வைத்தேன். அவருக்கு வேறு என்ன தெரியும், மனப்பாடம் பண்ணினதைச் சொன்னார். "அங்க கல்லு நிக்காதுபா. அது பழைய கெணறு." பிள்ளைகள் கிழக்கா வடக்கா என்று சண்டை போட்டார்கள். மறுபடியும் சிரிப்பு.

அப்போது அம்மா உள்ளே வந்தார். மீசை எடுத்த வெல்டர் ஒருவர்தான் அம்மா. நாலாவது பிரதிப்படி வெள்ளைச் சேலை, நெற்றியில் பொட்டு இல்லை. பெரியவர் அந்த நெற்றியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, செங்கல் குவியல் மேல் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு தன் வசனத்தையெல்லாம் மெதுவாக, யாரிடமும் பதில் எதிர்பார்க்காமல் சொன்னார். தண்ணீர் இன்னும் இரண்டு தடவை கேட்டார். கிணறு என்று சொன்னார். சிரிப்பு நின்றுபோயிற்று. அவர்கள் கிணற்றுக்கு மேலேயே வாசக்காலை நிறுத்தி மாவிலை கட்டினார்கள்.  திரை விழுந்ததும் கை தட்டினார்கள் பாருங்கள், சோபா நாடகத்துக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்தது எல்லாம் சேர்ந்தாலும் அவ்வளவு வராது.

விமர்சகர் மேடையேறி, செத்தவரைப் பிள்ளைகள் நடுவே நடமாடவிட்டது எவ்வளவு துணிச்சல் என்று பேசி, எனக்குச் சால்வை போட்டார். எப்படித் தோன்றியது இந்த உத்தி என்று கேட்டார்.

"ரொம்ப நாளா மனசுல இருந்தது சார்" என்றேன். கூசாமல் சொன்னேன். இரண்டாவது வரிசையில் அக்கா கொண்டையிலிருந்து பென்சிலை உருவியது தெரிந்தது.

போட்டோ எடுக்கிறவர் இப்படிப் பாருங்க என்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா வந்து என் முழங்கையைத் தொட்டு என்னவோ கேட்டார். "இருப்பா" என்றேன்.

அடுத்த ஞாயிறு டியூஷன் அறைக்குச் சால்வையோடு போகவில்லையே தவிர, கிட்டத்தட்ட அந்த நடையில்தான் போனேன். பச்சைக் கட்டு பிரியப்போகிறது என்று நம்பினேன். அக்கா நோட்டைத் தள்ளினார். மஞ்சள்.

"ஊரே கை தட்டிச்சு அக்கா."

"தட்டிச்சு. நானும்தான் தட்டினேன். ஒரு பீஸு தப்பித் தவறி சரியா வந்துட்டா அது பாஸ் இல்ல தம்பி. அடுத்த பீஸும் அதே மாதிரி வரணும். வருமா?"

"வரும்."

"பாக்கலாம்." டப்பாவை மூடிவிட்டு, "அன்னிக்கி உங்கப்பா ஒன்னாண்ட இன்னா கேட்டாரு?" என்றார்.

"எப்போ?"

"சால்வ போடும்போது."

எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டு வா என்றார். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "நானா? ஒண்ணும் கேக்கலியே. துன்னியா நீ?" என்றார் அப்பா. அக்காவிடமே திரும்பி வந்து கேட்டேன். "எனக்குத் தெரியும். ஆனா என்னாண்ட கேக்கல அவுரு, ஒன்னாண்ட கேட்டாரு" என்று சொல்லி புதிதாக வந்த ஒருவரின் நோட்டைத் திறந்துவிட்டார்.

அடுத்த பீஸ் வரவில்லை. விமர்சகர் புண்ணியத்தில் பட்டணத்து மேடை ஒன்று கிடைத்தது. இந்தத் தடவை ஒழுங்காக, அப்பா செத்தவர் என்று தெளிவாக எழுதி, எல்லோரும் ஒரே பிரதியைப் படித்து, மூன்று முழு ஒத்திகை பார்த்துப் போனோம். பெரியவர் முகத்தில் மாவு பூசிக்கொண்டு, கையை நீட்டி நீட்டி நடந்தார். செயலாளர் ஊதா விளக்கு போட்டார். பாதியிலேயே ஜனங்கள் டீ குடிக்க எழுந்துவிட்டார்கள். திரும்பி வருகிற ரயிலில் பெரியவர் வருத்தப்பட்டார். "அன்னிக்கி காலை ஷிஃப்டுக்கு மாத்திக்கினு, முட்சிட்டு நேரா வந்தேன் நைனா. எனக்கு நெஜமாவே தாகம்."

ஹாலில் அன்றைக்கு நடந்ததை நான் எழுதவில்லை என்று அக்காவிடம் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவரும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும் என்பதும், எனக்கு அது தெரியும் என்பதும்தான் எங்களுக்குள் இருந்தது.

இரண்டு வருஷத்தில் அப்பா போய்விட்டார். நான் ஷிஃப்டில் இருந்தேன். ஆள் வந்து சொல்லி, நான் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டம்மாள்தான் வாயில் தண்ணீர் விட்டாராம். மன்றமும் அப்படியே கலைந்தது. எல்லோர் வீட்டிலும் டிவி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எவன் வருவான்? அக்காவின் கம்பெனியை மூடினார்கள். பூந்தமல்லியில் தம்பி வீட்டோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் 'வாசக்கால்' நோட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். எட்டாவது பிரதி. அக்காவுக்கு நரை விழுந்திருந்தது. பென்சில் அதே இடத்தில் இருந்தது. தம்பி மனைவி டீ கொடுத்துவிட்டு அவசரமாக உள்ளே போனதைப் பார்த்தபோது, டீயைப் பற்றி அக்கா தினமும் என்ன சொல்வார் என்று ஊகிக்க முடிந்தது.

"அப்பாதான் போய்ட்டாரேக்கா" என்றேன். "இனிமே போயிக் கேக்கவும் முடியாது. அன்னிக்கி என்ன கேட்டாருன்னு இப்பவாச்சும் சொல்லுங்க."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "'அந்தாளுக்கு யாராச்சும் தண்ணி குட்தீங்களாபா?'ன்னு கேட்டாரு. நாடகம் ஓடும்போதே என்னாண்ட ரெண்டு தடவ சொன்னாரு, மேல ஏறி நாமளே குடுத்துட்டு வரலாமான்னு. நான்தான் கையப் புட்சி ஒக்கார வெச்சேன்."

  நோட்டை அவர் மடியில் வைத்தேன். முணுமுணுப்பாக, ஏற்றம் இறக்கம் இல்லாமல், ஒரே மூச்சில் படித்தார். கொட்டாவி விட யாரும் இல்லை. எட்டாவது பிரதியில் நான் கடைசிக் காட்சியை மாற்றியிருந்தேன். சண்டைக்கு நடுவில் மூத்த மகன் நின்று, திரும்பி, அப்பாவுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறான். அவர் குடிக்கிறார். திரை. அப்பா அன்றைக்குக் கேட்டது என்னவென்று தெரியாமலே நான் எழுதியிருந்த காட்சி அது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு பெருமை வேறு இருந்தது.

கடைசிப் பக்கத்தை அக்கா இன்னொரு தடவை படித்தார்.

"நீ குட்தியா?" என்றார்.

"யாருக்கு?"

"உங்கப்பாவுக்கு."

"இல்லக்கா."

"அப்ப ஓடாது" என்றார். கோபமில்லை. புஷ்ஷைத் திருப்பிப் பார்த்துச் சொல்கிற அதே குரல். எழுந்துபோய் அந்த பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். பச்சைக் கட்டு அப்போதும் பிரிக்காமல்தான் இருந்தது. மஞ்சளில் ஒன்றை உருவி, எனக்குத் தெரியாமல் கை மறைத்து எழுதி, நோட்டின் முதுகில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினார். "போயிப் பாத்துக்கோ" என்றார்.

பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் படித்தேன். பென்சிலில் எழுதியிருந்தார்.

'யாரும் தண்ணீர் தர வேண்டாம். அவர் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.'

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தச் சொம்புத் தண்ணீரை அங்கேயே அடித்தேன். அக்கா சொன்ன திருத்தங்களில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் நான் செய்தது அது ஒன்றுதான்.